தனி நாடு கேட்கும் கட்சி எதற்கு மந்திரி பதவியை ஏற்கிறது?

புதுச்சேரியில் அரசியல் அறிவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரஸ்ஸல்ஸில் குடியிருக்கிறார். நம்ம ஊர் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த) குடும்பங்களில் இது சாதாரணம். அந்தச் சித்தப்பா போனில் பேசும்போது, "எங்க பிரதமரே நாட்டைப் பிரிக்கணும்னு கட்சி நடத்துறவர்தான்" என்று சொல்லியிருக்கிறார். தம்பிக்குக் குழப்பம். தனி நாடு கேட்கிற கட்சி அதே நாட்டின் ஆட்சியில் ஏன் போய் உட்காருகிறது? அது ஓட்டுப் போட்டவர்களை ஏமாற்றுவது ஆகாதா? உள்ளே இருந்துகொண்டே நாட்டை உடைத்துவிட முடியுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிவினைக் கட்சியின் கையில் இருக்கும் எம்.பி. இடங்களுக்கு எல்லா நேரமும் விலை இருக்காது. பெரிய கட்சி எதற்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத நாடாளுமன்றத்தில்தான் அவை விலை போகும். அடுத்த தேர்தலில் அந்த நிலை மாறிவிடலாம். அதனால் விலை இருக்கும்போதே கேட்டு வாங்கப் பார்க்கிறார்கள். சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். சேர்ந்தபின் கிடைத்ததா, ஏமாந்தார்களா என்பது வேறு விஷயம். அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் மேடையில் பேசியதைக் கேட்டுப் பயனில்லை. ஒப்பந்தத்தில் தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெல்ஜியத்தையே எடுத்துக்கொள்வோம். வடக்கே டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோனியா, நடுவில் பிரஸ்ஸல்ஸ். பார்ட் டி வெவரின் கட்சி என்.வி.ஏ. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுதந்திரமான ஃபிளாண்டர்ஸ் குடியரசு வேண்டும் என்று அதன் கட்சி விதியிலேயே எழுதியிருக்கிறது. அப்படிப்பட்டவர் 2025 பிப்ரவரி 3 அன்று மன்னர் ஃபிலிப் முன்னிலையில் பெல்ஜியப் பிரதமராகப் பதவியேற்றார். வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கைதான். ஆனால் அந்த நாட்டு அமைப்பைத் தெரிந்துகொண்டால் அத்தனை வேடிக்கையாக இருக்காது.

அங்கே தொழிலாளர் கட்சி ஒன்றைத் தவிர நாடு முழுவதும் நிற்கும் பெரிய கட்சி கிடையாது. சோஷலிஸ்ட், லிபரல், கிறிஸ்தவ ஜனநாயகவாதி எல்லாருமே மொழிவாரியாக இரண்டு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து பல காலம் ஆகிறது. அமைச்சரவையில் பிரதமரைத் தவிர டச்சு பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டும் என்பது அரசியல் சட்டம். அப்போது ஃபிளாண்டர்ஸின் முதல் பெரிய கட்சியை விட்டுவிட்டு அரசு அமைப்பது சிரமம். செய்து பார்த்தும் இருக்கிறார்கள். 2010 தேர்தலில் 27 இடங்களோடு என்.வி.ஏ. முதலிடம் பிடித்தது, பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய் 541 நாள் முழு அரசு இல்லாமல் நாடு ஓடியது. கடைசியில் அவர்களை விட்டுவிட்டு 2011 டிசம்பரில் சோஷலிஸ்ட் தலைவர் எலியோ டி ரூப்போ பிரதமரானார். வெளியே நின்றால் என்ன நடக்கும் என்பதை என்.வி.ஏ. அப்போது கண்ணெதிரே பார்த்தது. அவர்கள் கேட்ட சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை மற்றவர்கள் செய்து முடித்துப் பெயரும் வாங்கிக்கொண்டார்கள்.

2014ல் 33 இடம். இந்தத் தடவை உள்ளே போனார்கள். எப்படிப் போனார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். உள்துறை, நிதி, பாதுகாப்பு மூன்றும் அவர்களுக்குக் கிடைத்தன. பிரதமர் பதவியைப் பிரெஞ்சு பேசும் லிபரல் சார்ல் மிஷெலுக்கு விட்டுக்கொடுத்தார்கள். டி வெவர் அமைச்சரவைக்கே போகவில்லை. ஆண்ட்வெர்ப் மேயராகவே இருந்துகொண்டு ஆட்களை மட்டும் அனுப்பினார். அரசியல் சட்டத் திருத்தப் பேச்சையே ஐந்து வருடத்துக்கு எடுப்பதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்கள். பிரிவினைக் கட்சி பிரிவினையைத் தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்து ஆட்சிக்கு வருகிறது! சரி, அப்படியானால் என்னதான் வாங்கினார்கள்? பிரெஞ்சு பேசும் சோஷலிஸ்ட் கட்சி 1988லிருந்து தொடர்ந்து மத்திய ஆட்சியில் இருந்தது. அதை வெளியே தள்ளினார்கள். அவர்களுடைய வாக்காளருக்கு அது சின்ன விஷயம் அல்ல. "நம்ம வரிப்பணம் தெற்குக்குப் போகுது" என்று இருபது வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த ஃபிளெமிஷ் (ஃபிளாண்டர்ஸ்) வியாபாரிக்குத் தனிக்கொடியைவிட ஓய்வூதியச் செலவையும் வரியையும் குறைப்பதுதான் அவசரம்.

பிரிவினைக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற எல்லாரும் பிரிவினை கேட்பவர்கள் இல்லை. இதை மறந்துவிட்டு யோசிப்பதால்தான் இந்தக் கேள்வியே புதிராகத் தெரிகிறது. ஒரு பகுதிக்குத் தனி நாடுதான் வேண்டும். இன்னொரு பகுதிக்கு தன் ஊருக்காகச் சண்டை போடும் வலுவான ஒரு கட்சி இருந்தால் போதும். மூன்றாவது ஒரு கூட்டம் ஆளும் கட்சிமேல் கோபத்தில் போடுகிறது. கட்சி வெளியே நின்றால் முதல் கூட்டத்துக்குச் சந்தோஷம், மற்ற இருவரும் "இவங்களுக்குப் போட்டு என்ன பிரயோஜனம்" என்று கலைந்துபோவார்கள். உள்ளே போனால் தலைகீழ். எந்தப் பக்கம் ஓட்டு அதிகம் என்று தலைவருக்கு நன்றாகவே தெரியும்.

உள்ளே போவதற்கு விலையும் உண்டு, அதை பெல்ஜியமே இரண்டு தடவை காட்டியது. என்.வி.ஏ. பிறப்பதற்கு முன் ஃபோல்க்ஸ்உனி என்று ஒரு ஃபிளெமிஷ் கட்சி இருந்தது. 1977ல் எக்மான்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அரசில் சேர்ந்தது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று கட்சிக்குள்ளேயே கொதித்தார்கள். 1978 தேர்தலில் 20 இடம் 14 ஆனது. பிரிந்து போன தீவிரக்காரர்கள்தான் பிறகு ஃபிளாம்ஸ் பிளாக் ஆனார்கள். இன்றைய ஃபிளாம்ஸ் பெலாங் அதன் வாரிசு. இரண்டாவது தடவை: 2018 டிசம்பரில் ஐ.நா.வின் குடியேற்ற உடன்படிக்கை விவகாரத்தில் என்.வி.ஏ. அரசை விட்டு வெளியேறியது. ஆறே மாதத்தில் வந்த தேர்தலில் 33 இடம் 25 ஆகிவிட்டது. ஃபிளாம்ஸ் பெலாங் 3லிருந்து 18க்குப் போனது. உள்ளே போய்வருகிற கட்சிக்கு வெளியே எப்போதும் ஒரு தம்பி முளைத்துவிடுவான். அண்ணன் விற்றுவிட்டான் என்று கத்துவதுதான் அவன் வேலை.

இத்தாலியில் இதன் மறுபக்கம். உம்பெர்ட்டோ போஸியின் வடக்கு லீக் 1994ல் பெர்லுஸ்கோனி அரசில் சேர்ந்து, அதே டிசம்பரில் அதைக் கவிழ்த்தது. 1996ல் தனியாக நின்று சுமார் 10 சதவீத ஓட்டு. செப்டம்பரில் வெனிஸில் போய் "பதானியா சுதந்திர நாடு" என்று பிரகடனமே செய்தார் போஸி. பதானியா என்பது வடக்கு இத்தாலிக்கு அவர்கள் வைத்த பெயர். ஓட்டு கிடைத்தது, கூட்டம் கிடைத்தது, ஒரு தபால் ஆபீஸ்கூடக் கைக்கு வரவில்லை. 2001ல் மறுபடி பெர்லுஸ்கோனியோடு. இந்தத் தடவை ஓட்டு 4 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் போஸி சீர்திருத்தத் துறை அமைச்சர். மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் சட்டத் திருத்தம் 2005ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும்விட்டது. 2006ல் நாட்டு மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அப்புறம் 2018 தேர்தலுக்கு வந்தபோது கட்சி தன் பெயரிலிருந்த "வடக்கு" என்ற வார்த்தையையே விட்டுவிட்டு இத்தாலி முழுவதும் ஓட்டுக் கேட்டது. பதவிக்குப் போன பிரிவினைக் கட்சிகளில் பாதிப் பேரின் முடிவு இதுதான். நாடு உடைவதில்லை, கோரிக்கை தேய்ந்துவிடுகிறது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சூடானைப் பாருங்கள். தெற்கு சூடானின் எஸ்.பி.எல்.எம். இருபது வருடத்துக்கு மேல் துப்பாக்கி பிடித்த இயக்கம். 2005 ஜனவரியில் கார்ட்டூம் அரசோடு முழு அமைதி ஒப்பந்தம். அதே ஜூலையில் அதன் தலைவர் ஜான் கராங் சூடானின் முதல் துணைக் குடியரசுத் தலைவர். மூன்று வாரத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். சால்வா கீர் அந்த இடத்துக்கு வந்தார். மத்திய அரசில் 28 சதவீதப் பதவி அவர்களுக்கு, தெற்கு எண்ணெய் வருமானத்தில் பாதி. இதெல்லாம் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் ஆறு வருட முடிவில் தெற்கு மக்கள் வாக்கெடுப்பு என்று எழுதியிருந்தது. 2007 அக்டோபரில் அரசு இழுத்தடிக்கிறது என்று எஸ்.பி.எல்.எம். அமைச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள், டிசம்பரில் திரும்பினார்கள். 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு. 98 சதவீதத்துக்கும் மேல் பிரிவுக்கு ஆதரவு. ஜூலை 9 தனி நாடு. பிரியவேண்டிய நாட்டின் அமைச்சரவையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தது, அந்தத் தேதிவரை ஒப்பந்தத்தைச் சாகவிடாமல் காவல் காப்பதற்காகத்தான். அதற்குப் பிறகு அந்தப் புதிய நாடு பட்ட பாடு வேறு கதை.

இனி இலங்கை. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தமிழர்களுக்குத் தெரிந்த கதை என்று நினைக்கிறோம், ஆனால் 1983க்குப் பிந்தியதுதான் நம்மில் பலருக்குத் தெரியும்.

1948ல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அமைச்சரவையில் சேர்ந்தார். அதைப் பொறுக்காமல் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தவர் செல்வநாயகம். அவர் கேட்டது சமஷ்டி (கூட்டாட்சி), தனி நாடு இல்லை; அதைத் தெளிவாக வைத்துக்கொள்ளவேண்டும். 1965 மார்ச் தேர்தலில் 151 இடத்தில் டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66தான். தமிழரசுக் கட்சிக்கு 14. அந்த 14க்கு அந்த வாரம் இருந்த விலை அதற்கு முன்னும் பின்னும் வரவில்லை. மார்ச் 24 அன்று டட்லி-செல்வா ஒப்பந்தம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, மாவட்ட சபைகள், குடியேற்றக் காணியில் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியில்லாதவருக்கு, அடுத்து வடக்கு கிழக்கின் தமிழ் பேசும் மக்களுக்கு முன்னுரிமை.

பொன்னம்பலம் மந்திரியானதற்காகக் கட்சியை உடைத்த அதே செல்வநாயகம் அரசில் சேர்ந்தார். ஆனால் தான் மந்திரியாகவில்லை. கட்சியின் எம்.பி. யாரும் ஆகவில்லை. வழக்கறிஞர் எம். திருச்செல்வத்தைச் செனட் வழியாக உள்ளே அனுப்பி உள்ளூராட்சி அமைச்சராக்கினார்கள். ஏன் உள்ளூராட்சி? மாவட்ட சபைச் சட்டம் அந்த மேசையில்தான் எழுதப்படும். டி வெவர் ஆண்ட்வெர்ப்பில் இருந்துகொண்டதற்கும் இதற்கும் ஐம்பது வருட இடைவெளி, யோசனை ஒன்றுதான்: தலைவர் வெளியே இருந்தால் நாளைக்கு வெளியேறுவது சுலபம். இப்படிப்பட்ட கூட்டணி அமையும்போதெல்லாம் தலைவர் தானே போகிறாரா, ஆள் அனுப்புகிறாரா என்று பாருங்கள், அவர் எத்தனை வருடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

என்ன ஆயிற்று? 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் வந்தன. கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, ஒரு பிக்கு இறந்தார். மாவட்ட சபைச் சட்டம் தள்ளித் தள்ளிப் போய், 1968ல் வெள்ளை அறிக்கையாக வந்து, ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பிக் கைவிடப்பட்டது. அதே வருடம் திருகோணமலைக் கோணேஸ்வரம் பகுதியைப் புனித பூமியாக அறிவிப்பது பற்றித் திருச்செல்வம் ஒரு குழு போட, பிரதமர் அதை நிறுத்திவைத்தார். திருச்செல்வம் ராஜிநாமா. இதே சமயத்தில் வி. நவரத்தினம் கட்சியிலிருந்து பிரிந்து, தமிழர் சுயாட்சிக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார். அப்போது அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டே வருடம். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் தனித் தமிழீழம் கேட்டதும், 1977 தேர்தலில் 18 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் உட்கார்ந்ததும் அந்தத் தலைமுறையின் ஏமாற்றத்திலிருந்து வந்தவைதான்.

ஒப்பந்தத்தில் என்ன குறை? மாவட்ட சபை எந்த மாதத்துக்குள், தராவிட்டால் என்ன என்று அதில் இல்லை. டட்லி மோசக்காரர் என்று சொல்வது சுலபம். அவர் கட்சியில் அதை விரும்பாதவர்கள் அதிகம் என்பதுதான் நிஜம். பெரிய கட்சித் தலைவர் நல்லவராக இருந்தாலும் அவர் பின்வரிசை எம்.பி.க்களுக்கு இந்த ஒப்பந்தத்தால் லாபம் எதுவும் இல்லை. எண்ணிக்கை தேவைப்பட்ட அன்று எல்லாரும் கைதட்டுவார்கள். அரசு நிலைத்தபிறகு "அவசரம் என்ன" என்பார்கள்.

"உரிய நேரத்தில்" என்ற சொற்களை இந்தியாவில் யார் சொன்னாலும் எனக்குத் தெலங்கானாதான் ஞாபகம் வரும். அது தனி நாடு கேட்ட இயக்கம் அல்ல, தனி மாநிலம். இருந்தாலும் கணக்கு அதேதான். 2004ல் சந்திரசேகர ராவின் டி.ஆர்.எஸ். காங்கிரஸோடு சேர்ந்து ஜெயித்து, அவர் மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சரானார். குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் தெலங்கானா பற்றி ஒரு வரி உண்டு: கலந்து பேசி, கருத்தொற்றுமை ஏற்பட்டபின், உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும். ஒரே வரியில் மூன்று கதவு, மூன்றுக்கும் சாவி டெல்லியிடம். 2006ல் ராஜிநாமா செய்து வெளியே வந்தார். மாநிலம் 2014 ஜூன் 2ல்தான் பிறந்தது. அவர் மந்திரியாக இருந்தபோது அதற்கான கோப்பு நகரவில்லை. 2009ல் உண்ணாவிரதம் இருந்தபோதுதான் நகர்ந்தது. ஆனால் அந்த 2004 வரி இல்லாமல் இருந்திருந்தால், "நீங்களே ஒத்துக்கொண்டது" என்று பின்னால் வாதாட எதுவும் இருந்திருக்காது. ஆக முழு நஷ்டம் என்றும் சொல்லமுடியாது.

மிசோரம் இதைவிடத் தைரியமான கதை. 1966 மார்ச்சில் சுதந்திரப் பிரகடனம் செய்தது லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி. பதிலுக்கு ஐஸ்வால்மீது இந்திய விமானப்படை குண்டு போட்டது. இருபது வருடம் கழித்து 1986 ஜூனில் ஒப்பந்தம். முதலமைச்சராக இருந்த காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா எழுந்து நாற்காலியை லால்டெங்காவுக்குக் கொடுத்துவிட்டுத் துணை முதல்வராக உட்கார்ந்தார். 1987 பிப்ரவரியில் மிசோரம் முழு மாநிலம். இங்கே பிரிவினைக் கட்சி தனி நாட்டை விட்டுவிட்டது, பதிலுக்குக் கையில் எண்ணி வாங்கிக்கொண்டது. ஒரே வருடத்தில் எல்லாம் நடந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

"அப்போ தி.மு.க.?" என்று கேட்பீர்கள். அந்த வரிசை வேறு. திராவிட நாடு வேண்டும் என்று அண்ணா 1962ல் மாநிலங்களவையில் பேசினார். அதே வருடம் சீனப் போர், அடுத்த வருடம் பிரிவினை பேசுகிறவர் தேர்தலில் நிற்கமுடியாதபடி 16வது சட்டத் திருத்தம். கோரிக்கையைக் கைவிட்டபிறகுதான் 1967ல் ஆட்சிக்கு வந்தார்கள், 1989ல்தான் முரசொலி மாறன் மத்திய அமைச்சரானார். அதனால் பிரிவினைக் கட்சி கூட்டணியில் சேர்ந்ததற்கு உதாரணமாக தி.மு.க.வைப் பரீட்சையில் எழுதாதீர்கள், மதிப்பெண் போகும்.

நம்ம புதுச்சேரியிலும் ஒரு சின்ன உதாரணம் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், இங்கே யாரும் பிரிவினை கேட்கவில்லை. கேட்பது மாநில அந்தஸ்து. ஆனால் டெல்லி மட்டுமே கையெழுத்துப் போடக்கூடிய ஒன்றைக் கேட்கும் கட்சிக்கு என்ன வழி இருக்கிறது என்பதைப் பார்க்க இது போதும். 1963 யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி நமக்கு 30 எம்.எல்.ஏ.க்கள், மேலே மூன்று பேர் வரை மத்திய அரசின் நியமனம். நாராயணசாமி முதல்வராக இருந்தபோது மத்திய அரசோடு மோதினார். 2019 பிப்ரவரியில் கறுப்புச் சட்டையோடு துணைநிலை ஆளுநரின் ராஜ்நிவாஸ் வாசலில் உட்கார்ந்ததை ஊரே பார்த்தது. நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்று அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வரிசையாக எம்.எல்.ஏ.க்கள் ராஜிநாமா செய்ய, 2021 பிப்ரவரியில் ஆட்சி போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரங்கசாமி, மாநில அந்தஸ்து தன் கட்சியின் கோரிக்கையாகவே இருந்தும், பா.ஜ.க.வோடு சேர்ந்து 2021ல் ஆட்சி அமைத்தார். பேனா யார் கையில் இருக்கிறதோ அவரோடு மோதினால் கோரிக்கை நகராது, ஆட்சியும் மிஞ்சாது என்ற கணக்கு. சேர்ந்ததால் அந்தஸ்து வந்ததா? கூட்டணி அமைத்ததும் வரவில்லை, சட்டமன்றத்தில் மறுபடி தீர்மானம் போட்டும் வரவில்லை. கோப்புகள் இன்னமும் ராஜ்நிவாஸ் போகின்றன என்று முதல்வரே வாய்விட்டுப் புலம்பினார்.

இதே ஊருக்கு ஒரு காலத்தில் விலை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் பெயர் கொடுத்த குபேர் பல வருடம் பிரெஞ்சுப் பக்கம் நின்றவர். 1954 மார்ச்சில் கட்சி மாறி இணைப்பு கேட்டார். அதே அக்டோபர் 18ல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுக்கு வாக்களித்தார்கள். 1963ல் குபேர் இந்தப் பிரதேசத்தின் முதலமைச்சர். காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் அவரைத் திட்டமாட்டேன், நேரம் பார்த்து அசைந்தவர் அவர். இரண்டு அரசுகளும் இந்த ஊருக்காகப் பேசிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் 1956 இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் எழுதப்பட்டது. இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக அமைப்பில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்யவேண்டும் என்று அதில் இருக்கிறது. 1979ல் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்று பேசியபோது ஊர் கொந்தளித்தது, உயிர்ப்பலியும் ஆனது. இணைப்புப் பேச்சு அத்தோடு அடங்கியது. விலை இருக்கும்போது எழுதி வாங்கிய ஒரு வரி இன்றைக்கும் மேடைகளில் எடுத்துக் காட்டப்படுகிறது. விலை போனபின் போட்ட தீர்மானங்கள் கோப்பில் கிடக்கின்றன.

சேராமல் வெளியே நின்றவர்களும் உண்டு, ஒன்றிரண்டு சொல்கிறேன். 1979ல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடு கேட்கும் எஸ்.என்.பி. 11 எம்.பி.க்களோடு பிரிட்டிஷ் தொழிற்கட்சி அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் தாட்சர் வந்தார், எஸ்.என்.பி. 11லிருந்து 2க்குப் போனது, ஸ்காட்லாந்துச் சட்டமன்றம் என்ற பேச்சே பல வருடம் எடுபடவில்லை. ஸ்பெயினின் கட்டலான் கட்சிகள் கெட்டிக்காரத்தனமாக நடுவழி பிடித்தன: அமைச்சரவைக்குப் போகாமல் வெளியிலிருந்து ஆதரவு. 2023ல் ஆளுக்கு ஏழு இடம் வைத்திருந்த இரண்டு கட்சிகள் சான்செஸைப் பிரதமராக்கி, பதிலுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் வாங்கின. அயர்லாந்தோடு சேரக் கேட்கும் வட அயர்லாந்தின் சின் ஃபெயின் லண்டன் நாடாளுமன்றத்தில் காலே வைக்காது, ஆனால் பெல்ஃபாஸ்ட் ஆட்சியில் 1999லிருந்தே, நடுநடுவே நின்றுபோனாலும், எதிரிகளோடு பங்கு. எந்தச் சபையில் உட்கார்ந்தால் தன் ஆட்கள் கோபப்படமாட்டார்கள் என்று பார்த்து ஒவ்வொன்றும் தனக்கான கோட்டைப் போட்டுக்கொள்கிறது.

ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்டீர்கள். சேருவதற்கு முன்னாலேயே "இந்த ஐந்து வருடம் பிரிவினை பேசமாட்டோம், இதை இதைச் செய்வோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிப் போகிற கட்சியை ஏமாற்றுக் கட்சி என்று என்னால் சொல்லமுடியாது. மேடையில் தனி நாடு, அமைச்சரவையில் காண்ட்ராக்ட் வேட்டை என்று இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரிவினை ஒரு வியாபாரம், அவர்களைப் பற்றி எழுத வேறு தலைப்பு வேண்டும். பெரிய கட்சி எதற்கு இவர்களைச் சேர்க்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கும் பெரும்பாலும் எண்ணிக்கைதான் காரணம். கூடவே, பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போட்டவன் அந்தப் பட்ஜெட்டை மேடையில் திட்டமுடியாது என்ற நிம்மதியும் அவர்களுக்கு உண்டு.

கடைசியாக, டி வெவர் பிரதமர் நாற்காலியிலிருந்தே பெல்ஜியத்தை உடைக்கமுடியுமா? கீழவையில் 150 இடம். 2024 தேர்தலில் அவர் கட்சி ஜெயித்தது 24. ஐந்து கட்சிக் கூட்டணிக்கு மொத்தம் 80க்குச் சற்று மேல். அதிகாரப் பங்கீட்டைத் தொடும் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 100. அதிலும் டச்சு, பிரெஞ்சு இரண்டு மொழிக் குழுவிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். கூட்டணியிலேயே பிரெஞ்சு பேசும் கட்சி இரண்டு. அப்புறம் பிரஸ்ஸல்ஸ். நான்கு பக்கமும் ஃபிளாண்டர்ஸ் சூழ்ந்திருக்க, பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் நகரம் அது. கடலூருக்குப் போகிற வழியில் முள்ளோடையில் எல்லை தாண்டுகிற நமக்கு இது புரியும். எந்த ஊர் எந்த ஆட்சி என்று கோடு போடுவது இங்கேயே அத்தனை சிக்கல், பிரஸ்ஸல்ஸோ ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடம் வேறு. எந்தத் துண்டு யாருக்கு என்று தீர்க்காமல் பிரிக்க வழியில்லை. உங்கள் சித்தப்பா வீட்டைக் காலி பண்ணவேண்டியிருக்காது என்று சொல்லுங்கள். அடுத்த தேர்தலில் ஃபிளாம்ஸ் பெலாங் எத்தனை இடம் வாங்குகிறது என்பதை மட்டும் அவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். 2024ல் அதற்கு 20 இடம், என்.வி.ஏ.வைவிட நான்குதான் குறைவு.